ஏழு மணிக்குள் வரலைன்னா

ராசா,

இதை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைதோறும் டைனிங் டேபிளில் உட்காரவைத்து, நீ கண்ணைக் கசக்கக் கசக்க நான் சொல்லிக்கொடுத்த தமிழ் இது. ழகரமும் ளகரமும் வரும் இடத்தில் இன்னும் தடுக்கி விழுவாய். விழு, பரவாயில்லை. இங்கிலீஷில் எழுதினால் ஒரே பார்வையில் மேய்ந்துவிட்டு "ஓகே அம்மா" என்று போய்விடுவாய். இது அப்படிப் போகக் கூடாது. அதோடு என் இங்கிலீஷின் லட்சணம் உனக்குத் தெரியாததா? கடையில் பில் கேட்கவும், டாக்டரிடம் முழங்கால் வலிக்கிறது என்று சொல்லவும்தான் அது லாயக்கு. வருகிற திங்கட்கிழமை காரில் சாமான்களை ஏற்றிக்கொண்டு யூட்டாவுக்குக் கிளம்புகிறாய். மலைப்பனியைத் தோண்டிப் பார்த்து, இன்றைக்குச் சரியுமா சரியாதா என்று ஊருக்குச் சொல்வது உனக்கு வேலை. இதற்கும் ஒருத்தன் சம்பளம் கொடுக்கிறான் என்பதை உன் அப்பா இன்னும் முழுசாக நம்பவில்லை. நான் நம்புகிறேன். நம்புவதால்தான் நீ போவதற்குமுன் இதை எழுதி முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம் சன்னிவேல் லைப்ரரியில் நீ பேசிய அன்று நான் கடைசி வரிசையில், மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தேன். பனிச்சரிவிலிருந்து தப்புவது எப்படி என்று கேட்க நாற்பது ஐம்பது பேர் வந்திருந்தார்கள். நீ படங்கள் போட்டாய், பனியில் வெட்டிய குழிகளைக் காட்டினாய், ஜோக்குகூட அடித்தாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் உன் மாமாவின் படத்தைப் போட்டாய். "இவர் என் மாமா. பனியைப் படிக்கத் தெரிந்தவர். ஆனால் எங்கே போகிறேன் என்று வீட்டில் ஒருவரிடமும் சொல்லாமல் போனார். கால் முறிந்து, இடுப்புவரை புதைந்து, மறுநாள் விடியும்வரை உயிரோடு இருந்தார். ஃபிரிட்ஜில் ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருந்தால் பிழைத்திருப்பார்" என்று இங்கிலீஷில் சொன்னாய். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள் உச்சுக்கொட்டினாள். கடைசியில் ஒருவர் எழுந்து, அவர்மேல் உனக்குக் கோபம் இல்லையா என்று கேட்டார். நீ கொஞ்சம் யோசித்துவிட்டு, "யெஸ், ஐ ஆம் ஸ்டில் ஆங்ரி" என்றாய். காரில் திரும்பும்போது, "அம்மா, ஹவ் வாஸ் இட்?" என்று கேட்டாய். "நல்லா இருந்துச்சுய்யா" என்றேன். ராசா, ஃபிரிட்ஜில் தாள் இருந்தது. உன் மாமா எழுதி ஒட்டிவிட்டுத்தான் போனான். நான்தான் கிழித்தேன்.

சொல்லிவிட்டேன். இனி எப்படி நடந்தது என்று சொல்கிறேன். காரணம் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. நீ இந்த ஊரில் வளர்ந்தவன், உனக்கு இதை விளக்காமல் விட்டால் அம்மாவுக்குப் பைத்தியமா என்றுதான் தோன்றும்.

உனக்கு ஆறேழு வயது இருக்கும்போது ஒருநாள் அரிசி டப்பா காலி. "அரிசி நிறைஞ்சிருச்சு, கடைக்குப் போகணும்" என்று உன் அப்பாவிடம் சொன்னேன். நீ ஓடிப்போய் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "அம்மா, இட்ஸ் எம்ட்டி! யூ ஆர் லையிங்!" என்று கத்தினாய். அரிசி தீர்ந்துபோச்சு என்று சொல்லக் கூடாதுடா, சொன்னால் வீட்டில் இல்லாமலே போய்விடும் என்று எவ்வளவோ சொல்லியும் உனக்கு ஏறவில்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான். விளக்கை அணைத்தேன் என்று சொல்ல மாட்டோம், விளக்கு மலையேறிவிட்டது என்போம். கிளம்புகிறவன் போறேன் என்று சொல்லக் கூடாது. வாசல்படி தாண்டும்போது அவனைப் பார்த்து எங்கே போற என்று கேட்கவே கூடாது. கேட்டால் போகிற காரியம் உருப்படாது. அச்சானியமாக யாராவது வாயைத் திறந்தால், "ஒன் வாயில வசம்ப வச்சுத் தேய்க்க" என்பாள் என் அம்மா. அந்த வசம்புக்குக்கூட எங்கள் பக்கத்தில் பேர் சொல்லாதது என்றுதான் பேர். இப்படி வாயைக் கட்டிக் கட்டியே வளர்ந்தவர்கள் நானும் உன் மாமாவும். அவன் இங்கே வந்து அதிலிருந்து வெளியே போய்விட்டான். நான் அந்த நேரத்தில் சன்னிவேலுக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தும் சாத்தூரிலேயே இருந்தேன்.

சாத்தூரில் மழையே வருஷத்துக்கு நாலு நாள்தான். அங்கே பிறந்தவனுக்குப் பனியில் என்ன வேலை என்று நான் அவனிடம் கேட்காத நாள் இல்லை. இங்கே படிக்க வந்து, சான்டா கிளாராவில் சிப் டிசைன் பண்ணும் வேலையில் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் ஆபீஸ் நண்பன் ஒருவன் டாஹோ என்கிற பனிமலைப் பக்கம் கூட்டிப்போனான். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். லிஃப்டில் மலைமேல் ஏறிப் பனியில் வழுக்கி வருவதெல்லாம் அவனுக்குப் போதவில்லை. ஆளில்லாத மலையில், ஸ்கீப் பலகைக்கு அடியில் வழுக்காமலிருக்கத் தோல்பட்டை ஒட்டிக்கொண்டு நடந்தே ஏற வேண்டுமாம். "மலையேறப் போறேன் அக்கா" என்பான். அந்த வார்த்தையே எனக்குப் பிடிக்காது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆட்டம் போடுகிற ஆள் இல்லை அவன். வெள்ளிக்கிழமை சாயங்காலமே போன் பண்ணி, பனி நிலவரம் சொல்லும் அந்தப் பதிவுக் குரலைக் கேட்டு, காற்று எந்தப் பக்கம், புதுப்பனி எத்தனை அங்குலம் என்று குறித்து வைத்துக்கொள்வான். பக்கத்தில் நின்று நீயும் ஒரு நோட்டில் எழுதுவாய். ஹோம்வொர்க் எழுதச் சொன்னால் மட்டும் பென்சில் காணாமல் போய்விடும்.

உனக்குப் பதினொரு வயதில் நம் எல்லோரையும் அவன் கூட்டிப்போனான், ஞாபகம் இருக்கிறதா? சேலைக்கு மேல் உன் அப்பாவின் ஜாக்கெட், காலில் இரண்டு சைஸ் பெரிய பூட்ஸ், இந்தக் கோலத்தில் நான். உறைந்த ஏரி ஒன்றைத் தாண்டி ஒரு சரிவின் அடியில் நிறுத்தி, மண்வெட்டியை எடுத்து ஆள் உயரத்துக்குக் குழி வெட்ட ஆரம்பித்தான். "ஏய்யா, யாரைப் புதைக்கப் போற?" என்று கேட்டுவிட்டு நானே நாக்கைக் கடித்துக்கொண்டேன். குழியின் சுவரைச் சீவி வழவழவென்று ஆக்கியதும் அதில் அடுக்கு அடுக்காகக் கோடுகள் தெரிந்தன. ஒவ்வொரு அடுக்கிலும் முதலில் முஷ்டியை அழுத்தினான், அப்புறம் நாலு விரல், அப்புறம் ஒரு விரல், அப்புறம் பென்சில், கடைசியில் கத்தி. எது உள்ளே போகிறதோ அதை வைத்து அந்த அடுக்கு எவ்வளவு கெட்டி என்று கண்டுபிடிப்பதாம்.

"இட்லி வெந்துருச்சான்னு விரலை விட்டுப் பாக்குற மாதிரில்ல இருக்கு" என்றேன்.

"அதேதான் அக்கா. நீ ஒரு நிமிஷத்துல புடிச்சுட்ட, எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு" என்று சிரித்தான். பிறகு அடியிலிருந்து ஒரு பிடி பனியை எடுத்து என் கையில் கொட்டினான். "உருண்டை புடி பாப்போம்." பிடித்தேன், நிற்கவில்லை, பொலபொலவென்று விரலிடுக்கில் உதிர்ந்துவிட்டது. "இது சீனி மாதிரி. ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. இதுக்கு மேல காத்து கொண்டாந்து போட்ட பனி கெட்டியாப் பலகை மாதிரி உக்காந்திருக்கு. பாக்க அழகா இருக்கும். ஒரு ஆள் கனம் அது மேல ஏறுனாப் போதும், மொத்தமா வழுக்கிட்டு வந்துரும்." அப்புறம் ஒரு தூணை அறுத்து, மேலே மண்வெட்டியின் தகட்டை வைத்துத் தட்டினான். மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. நீ சத்தமாக எண்ணினாய். நீ பதிமூன்று என்று சொல்லும்போது மேல்பாதி அப்படியே நகர்ந்து அவன் மடியில் விழுந்தது. அவன் மண்வெட்டியைத் துடைத்துப் பையில் வைத்துவிட்டு, "சரி, வீட்டுக்குப் போவோம்" என்றான். நாலு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்தது இதற்கா என்று நான் போட்ட சண்டையில் உன் அப்பாகூட காதைப் பொத்திக்கொண்டார். ஆபத்தென்றால் திரும்பிவிடத் தெரிந்த மனுஷன் அவன். லைப்ரரியில் நீ அதைச் சொல்லவில்லை.

தொண்ணூற்றிரண்டு ஜனவரியில் அவனுடைய ரூம்மேட் ஊர் மாறிப் போனதால் நம் அபார்ட்மெண்டுக்கே வந்து உன் ரூமில் தங்கினான். அதுவரை மலைக்குப் போகும்போதெல்லாம் தாள் எழுதி அந்த ரூம்மேட்டிடம்தான் கொடுத்துவிட்டுப் போவானாம். எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருந்தது. மூன்றாவது வாரம் சனிக்கிழமை, விடிகிற நேரம், அவன் கிளம்பினான். கூட வருவதாக இருந்த நண்பனுக்குக் காய்ச்சல். தனியாகப் போனான், அது அவன் செய்த தப்புதான், அதை நான் மறைக்கவில்லை. எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக் கொடுத்தேன். ஃபிளாஸ்கில் காப்பி. வாசலில் குனிந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டே, "அக்கா, எங்க போறேன்னு நீ கேக்க மாட்ட" என்றான்.

"கெளம்பும்போது யாராச்சும் கேப்பாங்களா? போயிட்டு வாய்யா."

"தெரியும். அதான் எழுதி ஃபிரிட்ஜில ஒட்டியிருக்கேன். பாத்துக்க என்ன?"

"சரி சரி, பாக்குறேன். நேரமாச்சு, கெளம்பு."

என் வாயைத் திறக்க வைக்காமல், அவன் வாயாலும் சொல்லாமல், இரண்டு பேர் மனசும் கோணாமல் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். அவ்வளவு யோசித்திருக்கிறான் எனக்காக. நான் குளித்து, சாமிக்கு விளக்கேற்றிவிட்டு, ஈரத்தலையோடு அடுப்படிக்கு வந்தபோதுதான் அதைப் பார்த்தேன். பீட்சா கடைக்காரன் கொடுத்த காந்தத்தின் கீழே, மஞ்சள் தாளில், இங்கிலீஷில், பெரிய எழுத்தில். முதல் வரி: சனிக்கிழமை மாலை ஏழு மணிக்குள் நான் திரும்பி வராவிட்டால். அதற்குக் கீழே ஏழெட்டு வரி இருந்தது, ஒரு படம்கூடப் போட்டிருந்தான் என்று நினைக்கிறேன். நான் படிக்கவில்லை. அந்த முதல் வரியிலேயே எனக்கு உடம்பு எரிந்தது. வராவிட்டால் என்று எவனாவது எழுதி வைத்துவிட்டுப் போவானா? சாமிக்கு விளக்கு எரிகிறது, சனிக்கிழமை, அதுவும் பிள்ளை இருக்கிற வீட்டில்! "நல்ல வார்த்தையே வாயில வராதா இவனுக்கு" என்று சொல்லிக்கொண்டே தாளை உருவி நாலாகக் கிழித்து, முந்தைய நாள் சாம்பார்ச் சக்கையோடு குப்பைப் பையில் போட்டேன். பத்து மணிக்குப் பையைக் கட்டிக் கீழே கொண்டுபோய்ப் பெரிய தொட்டியில் போட்டேன். நிம்மதியாகக்கூட இருந்தது. ஒரு கெட்ட வார்த்தையை வீட்டைவிட்டு வெளியேற்றிய நிம்மதி.

ஏழு மணி ஆனது. ஏழரை ஆனது. மலையில் மத்தியானத்திலிருந்து புயல் என்று டி.வி.யில் சொன்னார்கள். உன் அப்பா, "டிராஃபிக்கா இருக்கும்" என்றார். நான் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கீழே இறங்கிப் போனேன். அபார்ட்மெண்ட் தொட்டியைச் சனிக்கிழமை மத்தியானமே லாரிக்காரன் காலி செய்துவிட்டுப் போயிருந்தான். மூடியைத் திறந்து பார்த்தேன். அடியில் ஒரு முட்டை அட்டை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. மூடியைச் சாத்திவிட்டு மேலே வந்தேன். நீ ஃபிரிட்ஜ் முன்னால் நின்றுகொண்டிருந்தாய்.

"அம்மா, மாமா நோட் வச்சாரா? ஹி ஆல்வேஸ் லீவ்ஸ் எ நோட்."

"இல்லையே" என்றேன்.

"ஆர் யூ ஷ்யூர்?"

"வைக்கலையே ராசா."

அந்த ஒரு வார்த்தைக்கு நான் யோசிக்கக்கூட இல்லை. அரிசி நிறைஞ்சிருச்சு என்று சொல்வதுபோல் தானாக வந்தது. நீ நம்பவில்லை. டார்ச்சை எடுத்து வந்து தரையில் படுத்து ஃபிரிட்ஜுக்கு அடியில் அடித்துப் பார்த்தாய். காற்றில் பறந்து போயிருக்கும் என்று நினைத்தாய்போல. ஒரு பழைய கிரேயான் துண்டும் தூசியும் வந்தன. அப்புறம் ஃபிரிட்ஜுக்குப் பின்னால், உன் ரூமில், மாமாவின் தலையணைக்கு அடியில், பாத்ரூமில்கூடத் தேடினாய். பதினாலு வயசுப் பிள்ளை. நான் அடுப்பு மேடையில் சாய்ந்து நின்று நீ தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வருஷமாக மற்றதெல்லாம் மங்கிப்போனாலும் அந்த டார்ச் வெளிச்சம் மட்டும் மங்கவில்லை.

உன் அப்பா ஷெரிஃப் ஆபீசுக்குப் போன் போட்டு, என் தம்பி என்பதால் என்னிடம் கொடுத்தார். அங்கே போனை எடுத்த அம்மாள் பொறுமையாகக் கேட்டாள். எத்தனை மணிக்குக் கிளம்பினார், என்ன கார், என்ன நிற ஜாக்கெட். எங்கே போவதாக எழுதி வைத்தாரா? நோ. வாயால் சொன்னாரா? நோ. உங்களுக்கு ஏதாவது யூகம் இருக்கிறதா என்றாள். நம்மைக் கூட்டிப்போன அந்த உறைந்த ஏரியைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஒரே இடம் அதுதான். அந்தப் புயலில் பத்துப் பன்னிரண்டு பேர் உயிரைப் பணயம் வைத்து அந்த ஏரியைச் சுற்றித் தேடினார்கள். அங்கே பார்க்கிங்கில் கார்களெல்லாம் பனியில் மூடிக் கிடந்தன. அவற்றில் அவன் கார் இல்லை என்று தெரியவே ஞாயிறு மத்தியானம் ஆனது. சாயங்காலம் ரோட்டில் பனி ஒதுக்குகிற ஒருவர் ஹைவேக்கு மறுபக்கம், எட்டு மைல் தள்ளி, அவன் காரைக் கண்டுபிடித்தார். திங்கட்கிழமை காலையில் அவனைக் கண்டுபிடித்தார்கள். விபத்து அறிக்கையை நீ பெரியவனானதும் வரவழைத்துப் படித்திருக்கிறாய், அதனால் மற்றது உனக்கே தெரியும். மேட்டில் குழி வெட்டிப் பார்த்திருக்கிறான், அங்கே பனி நன்றாகத்தான் இருந்திருக்கிறது. நாற்பது அடி தள்ளி, காற்று கொண்டுவந்து குவித்த இடத்தில் அடியில் சீனி. ஒரு குழி அந்த இடத்தைப் பற்றித்தான் பேசும், பக்கத்து இடத்தைப் பற்றிப் பேசாது என்று லைப்ரரியில் நீதானே சொன்னாய்.

எனக்கு அழுகை வரவில்லை. நெஞ்சு வெடித்தது, உலகம் இருண்டது என்றெல்லாம் சொல்வார்களே, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் உதடு இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்போம் இல்லையா, அப்படி இருந்தது. திங்கட்கிழமை அவனைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று போன் வந்தபோது துணி மடித்துக்கொண்டிருந்தேன். ரிசீவரை வைத்துவிட்டு மிச்சத் துணியையும் மடித்தேன். அவனுடைய இரண்டு சட்டையும் அதில் இருந்தன. சாத்தூருக்குப் போன் போட்டு என் அப்பாவிடம் சொன்னேன். "யார்ட்டயும் சொல்லாமயா தாயி போனான்?" என்றார். "ஆமாப்பா" என்றேன். துக்கத்துக்கு வந்த ஆன்ட்டிகளும் அங்கிள்களும், பொறுப்பில்லாத பிள்ளை, அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்றார்கள். தலையாட்டினேன். செத்தவன்தானே, அவனுக்கு வலிக்காது என்று நினைத்தேனா என்றால், அதுகூட நினைக்கவில்லை. ஒன்றுமே நினைக்கவில்லை. அந்த ஊசியின் மரப்பு இன்னும் இறங்கவே இல்லை ராசா. இதை எழுதும்போதுகூட, பார், எழுத்து எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது.

நேற்று உன் அப்பாவிடம் முதல் தடவையாகச் சொன்னேன். செய்தி பார்த்துக்கொண்டிருந்தவர் டி.வி.யை அணைத்தார். "தெரியும்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அன்னைக்கு அந்தக் காந்தம் அடுப்பு மேடைல தனியாக் கெடந்துச்சு. மாமா நோட் வச்சாரான்னு பிள்ளை கேட்டப்ப ஒன் மூஞ்சியப் பாத்தேன்" என்றார். ஒன்பது வருஷம் ஏன் கேட்கவில்லை என்றேன். "கேட்டிருந்தா நீ என்ன ஆயிருப்ப?" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. கேட்டிருக்கலாம் அந்த மனுஷன். கேட்காமல் இருப்பதைப் பாசம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், இந்த வீட்டில் எல்லோருக்கும் அதே வியாதி. அப்புறம், "அவன்ட்ட சொல்லிரு. பிள்ளை ஊருக்கெல்லாம் தப்பாச் சொல்லிக்கிட்டுத் திரியிறான்" என்றார்.

ஆகவே இனி பேசும்போது மாற்றிச் சொல். என் மாமா ஒழுங்காகத் தாள் எழுதி ஒட்டிவிட்டுத்தான் போனார், என் அம்மா அதைக் கிழித்துப் போட்டாள் என்று சொல். பேரைச் சொல்லி வேண்டுமானாலும் சொல். எனக்கு வெட்கமாக இருக்கும், இருக்கட்டும். அவன்மேல் உனக்கு இருக்கிற கோபத்தை எடுத்து என்மேல் வை. அது அவனுடையது இல்லை. பனியைப் பற்றி உனக்குச் சொல்ல எனக்கு என்ன தெரியும்? ஒன்றே ஒன்று தெரியும். தாள் எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. யார் கையில் கொடுக்கிறாய் என்று பார். வாங்குகிற ஆளை உன் எதிரிலேயே வாய்விட்டுப் படிக்கச் சொல், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை. வராவிட்டால் என்கிற இடத்தில் அவர் தயங்கினால், உச்சுக்கொட்டினால், சாமி படத்தைத் திரும்பிப் பார்த்தால், அந்த ஆளிடம் கொடுக்காதே. வேறு ஆளைத் தேடு. குழியில் முஷ்டியையும் விரலையும் வைத்து அழுத்திப் பார்க்கிறீர்களே, அதுபோல மனுஷரையும் ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிடு.

நீ கிளம்பிப் போனபின் கண்ணில் படும்படி இந்தக் கடிதத்தைக் காரில் எங்கேயாவது சொருகி வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது இன்னொரு கோழைத்தனம். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. இதை உன் மேஜைமேல் வைக்கிறேன். திங்கட்கிழமைவரை உனக்கு நேரம் இருக்கிறது. என்னோடு பேசாமல் இருந்தாலும் சரி, கத்தினாலும் சரி, சாப்பாட்டை மட்டும் விடாதே. அன்றைக்குக் காலையில் எலுமிச்சம்பழச் சாதம் கட்ட மாட்டேன், வேறு ஏதாவது கட்டுகிறேன். அந்தப் பீட்சா கடைக் காந்தம் இத்தனை வருஷமாக என் சேலைகளுக்கு அடியில் கிடந்தது. இப்போது அதை எடுத்து ஃபிரிட்ஜில் என் கண் உயரத்துக்கு ஒட்டி வைத்திருக்கிறேன். அதன் கீழே இடம் காலியாக இருக்கிறது. நிறைஞ்சிருக்கு என்று சொல்லவில்லை பார், காலி என்றே எழுதியிருக்கிறேன்.

திங்கட்கிழமை நீ வாசலில் குனிந்து ஷூ மாட்டும்போது, நீ படியைத் தாண்டுவதற்குமுன், உன் பாட்டியும் அவள் அம்மாவும் கேட்காத கேள்வியை நான் கேட்கப்போகிறேன். ஒத்திகை பார்க்கிற மாதிரி இங்கேயே ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன்.

எங்கே போற, ராசா? வரலைன்னா நான் யாரைக் கூப்பிடணும்?

அம்மா